இரத்தோட்டையில் ஆறு வாரம்

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் புகையிரதப் பாதை மாத்தளையோடு முடிந்துவிடுகிறது. 1880ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த இரும்புப் பாதை, அதற்கப்பால் மலைக்குள் நுழையத் துணியவில்லை. இரத்தோட்டைக்குச் செல்ல விரும்புவோர் மாத்தளையில் இறங்கிப் பஸ் வண்டியைத்தான் நாட வேண்டும். சுமார் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரந்தான். ஆயினும், அத்தூரத்திற்குள் காற்றின் வாசனையே மாறிவிடுகிறது. நகரத்துப் புழுதி பின்னே போக, சாதிக்காய், கராம்பு, கொக்கோ, கமுகு, பலா என்று மரங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. ஏறக்குறைய ஒவ்வொரு மரத்தையும் ஒரு மிளகுக்கொடி பற்றி ஏறியிருக்கிறது. வேலிக்கு நட்ட சீமைக்கிளுவைக்கும் அங்கே சும்மா நிற்க அனுமதியில்லை. அதுவும் ஒரு கொடியைச் சுமந்தே ஆக வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே, கைவிரல்களை மடக்கிய முட்டியைப்போல எழுந்து நிற்கும் மலைத்தொடரை ஆங்கிலேயர் ‘நக்கிள்ஸ்’ என்றனர். சிங்கள மக்களுக்கு அது தும்பர மலைத்தொடர். 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இம்மலைக்காடு, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றது. இரத்தோட்டையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை றிவர்ஸ்டன் கணவாயை அடையும்போது, மூடுபனியும் பெருங்காற்றும் வழிப்போக்கரை நிறுத்திக் குசலம் விசாரிக்கும். இவ்வழகையெல்லாம் காண விடுமுறை நாட்களில் மாணவர் கூட்டம் வருவதுண்டு. பம்பரகிரி நீர்வீழ்ச்சியையும் அங்குள்ள தொங்கு பாலத்தையும் பார்த்துவிட்டு மாலையிலேயே திரும்பிவிடுவர். சென்ற தை மாதத்தில் எம் இல்லத்திற்கு வந்த இருவர் அவ்வாறு திரும்பவில்லை. ஆறு வாரம் தங்கினர். அவர்களோடு ஒரு நாயும் தங்கிற்று. அக்கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

எமது வீடு கடைத்தெருவுக்கு அப்பால், மலைப்பாதையை ஒட்டிய ஒரு சரிவில் இருக்கிறது. வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் மிளகு. நாம் வாரத்தில் ஐந்து நாள் கல்லூரியில் பாடம் நடத்துபவர். மண்வெட்டி பிடிப்பதைக் காட்டிலும் வெண்கட்டி பிடிப்பதே எமக்கு எளிது. தோட்டத்தின் உண்மையான அதிகாரி எழுபதைத் தாண்டிய எம் அன்னையார். இளமையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, அந்த வருமானத்தில் எம்மைப் படிக்கவைத்த கைகள் அவருடையவை. இப்போது முழங்கால் இடங்கொடுப்பதில்லை. மிளகு பறிக்கும் பருவத்தில் ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. ஊர் இளைஞர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டனர்.

இந்நிலையில் நண்பர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. ஜெர்மனியில் வளர்ந்த இளந்தம்பதியர் இருவர், யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளைகள், இலங்கைக் குடியுரிமையும் உடையவர்கள், ஓராண்டு இங்கே தங்க வந்திருக்கிறார்களாம். விவசாயக் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து வேலை கற்க விரும்புகிறார்களாம். சம்பளம் வேண்டாம்; உணவும் உறைவிடமும் போதும். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. நிலாவெளிக் கடற்கரையில் அநாதையாய்த் திரிந்த ஒரு நாயை எடுத்து வளர்க்கிறார்கள். அதனையும் ஏற்க வேண்டும்.

இத்தகைய வழக்கம் உலகிற்குப் புதிதன்று. முதலாம் உலக யுத்தம் முடிந்தபின், 1920இல், பியேர் செரெசோல் என்ற சுவிஸ் நாட்டவர், பகைத்த நாடுகளின் மக்களை ஒன்று கூட்டி, பிரான்சில் வெர்டன் போர்க்களத்தருகே இடிந்து கிடந்த எஸ்ன் கிராமத்தைக் கட்டியெழுப்ப முற்பட்டார். 1934இல் பீஹார் பூகம்பத்தால் நிலைகுலைந்தபோது அவரே இந்தியாவுக்கும் வந்து தொண்டாற்றினார். இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டு, லண்டன் அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய சூ கொப்பார்ட் என்ற பெண்மணி, நகரவாசிகள் வார இறுதியில் இயற்கைப் பண்ணைகளுக்குச் சென்று வேலை செய்ய வழி வகுத்தார். முதல் வாரம் சென்றவர் நால்வரே. இன்று அவ்வியக்கம் நாடுகள் பலவற்றில் பரவியிருக்கிறது. எமது நாட்டிலும் 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன அவர்கள், நாளந்தாக் கல்லூரி மாணவரை அழைத்துக்கொண்டு, சமூகத்தால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொளுவைக் கிராமத்தில் சிரமதானம் செய்ததிலிருந்தே சர்வோதய இயக்கம் பிறந்தது.

இவற்றையெல்லாம் அன்னையாரிடம் விளக்கினோம். வகுப்பில் விளக்குவதுபோலவே விளக்கினோம். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சம்பளம் குடுக்காம வேல வாங்குறதா தம்பி?”

எம்மிடம் விடை இருக்கவில்லை.

அக்கேள்வியின் பாரத்தை அறிய மாத்தளையின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். கண்டி மன்னர் காலத்தில் குடிகள் கூலியின்றிச் செய்துவந்த இராஜகாரியத்தை ஆங்கில ஆட்சி 1832இல் ஒழித்தது. ஆனால், பதினாறே ஆண்டுகளில், 1848இல், ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என்று சட்டமியற்றிற்று. அவ்வாண்டு வரிகளை எதிர்த்து மாத்தளையில் கிளர்ச்சி மூண்டதற்கு இச்சட்டமும் ஒரு காரணம். கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு, அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

தமிழ்த் தொழிலாளரின் கதை இன்னும் துயரமானது. தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டுவழியே நடந்து நடந்து முதலில் கண்ட மலைநாட்டு நகரம் மாத்தளை. வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர் எண்ணிலர். எம் அன்னையாரின் பூட்டனார் அவ்வழியே நடந்து வந்தவர். வந்து சேர்ந்தபோதே அவர் கடனாளி. தொழிலாளியின் கடனை ஒரு சீட்டில் எழுதி, அதனைத் தீர்ப்பவரிடம் ஆளையே மாற்றிவிடும் ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. உழைத்தும் கையில் காசு சேராத தலைமுறைகளின் பேத்தி அவர். ‘சம்பளமில்லாத வேலை’ என்ற சொற்றொடர் எமக்குச் சமூகசேவையாக ஒலித்தது. அவருக்கு வேறொன்றாக ஒலித்தது.

“அப்படின்னா விருந்தாளியா வரட்டும். சாப்பிடட்டும், இருக்கட்டும். வேல கீல வேணாம்” என்று தீர்ப்பளித்தார். நாயைப் பற்றி, “பைரவர் வாசல்ல இருக்கட்டும். அடுப்படிப் பக்கம் வரப்படாது” என்றார்.

பொங்கலுக்கு இரண்டு நாட்களுக்கு முன் அவர்கள் வந்தனர். மாத்தளையில் பஸ் நடத்துநர்கள் நாயை ஏற்ற மறுத்தமையால், முச்சக்கரவண்டி ஒன்றில் மூவருமாக வந்து இறங்கினர். நாய் செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. பெயர் சிப்பி. எம் பிள்ளைகள் இருவரும் வந்தவர்களை விட்டுவிட்டு நாயைத்தான் முதலில் வரவேற்றனர். பாண்டவருள் மூத்தவர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையை அன்றிரவு அவர்களுக்குச் சொன்னோம். “அப்ப நாங்க மட்டும் ஏன் வாசல்ல கட்டணும்?” என்று இளையவள் கேட்டாள். கதை சொல்வதில் இப்படியொரு அபாயம் உண்டு.

மறுநாள் விடியற்காலை, நாம் எழுமுன்னரே அவ்விளம்பெண் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அன்னையார் ஓடிச்சென்று விளக்குமாற்றைப் பறித்தார்.

“ஏம்மா, வந்த புள்ளைய வேல வாங்கிச் சோறு போடவா நாங்க கூப்பிட்டோம்?”

“அம்மம்மா, நாங்கள் வேலை செய்யத்தானே வந்தனாங்கள்!” என்றாள் அவள்.

அன்னையாரை இதுவரை எவரும் ‘அம்மம்மா’ என்று அழைத்ததில்லை. எம் பிள்ளைகளுக்கு அவர் அப்பாயி. அச்சொல்லின் புதுமையில் அவர் ஒரு கணம் தடுமாறினார். விளக்குமாறு அவள் கைக்கே திரும்பிற்று.

பொங்கல் கழிந்ததும் மிளகு பறிப்பு ஆரம்பமாயிற்று. பறிப்பவர் அவசரப்பட்டால் மிளகு கெடும். ஒரு கதிரில் ஓரிரு மணிகள் சிவந்திருந்தால்தான் அது பறிக்கத்தக்க பதம். ஏணியைக் கொடியின்மீது சாய்க்காமல் தாங்குமரத்தின்மீது சாய்க்க வேண்டும். பறித்த கதிர்களைக் குவித்து வைத்து, மணிகளை உதிர்த்து, கொதிநீரில் ஓரிரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துப் பாயில் உலர்த்தினால் கருமை மினுமினுக்கும். மூன்று கிலோ பச்சை மிளகு உலர்ந்தபின் ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கிவிடும். வெயில் காய்கிறதே என்று நம்பி அயர்ந்தால், மலையிலிருந்து மேகம் இறங்கிப் பாயை நனைத்துவிடும்.

இவ்வளவையும் அன்னையார் முற்றத்தில் நாற்காலியில் அமர்ந்தபடியே கற்பித்தார். அந்த இளைஞன் ஜெர்மனியில் இயந்திரவியல் படித்தவன். முதல் நாள் அவன் பறித்த கூடையில் பாதி பிஞ்சு. அன்னையார் ஒன்றும் சொல்லாமல், பிஞ்சை வேறாகவும் முற்றலை வேறாகவும் பிரித்து அவன் முன்னே வைத்தார். மறுநாள் முதல் அவன் தவறு செய்யவில்லை. பட்டம் பெற்ற ஆசிரியராகிய நாம் அதனைக் கண்டு சிறிது நாணினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிழையைச் சுட்டிக்காட்டாமல் திருத்தும் வித்தை எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் எமக்குப் போதிக்கப்படவில்லை.

சிப்பியும் சும்மா இருக்கவில்லை. மாத்தளைப் பகுதியின் தோட்டக்காரருக்குக் குரங்குத் தொல்லை எவ்வளவு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை எட்டு மணிமுதல் ஐந்து நிமிட நேரம், நாடு முழுவதிலும் மக்கள் தத்தம் காணிகளில் நின்று குரங்கு, மயில், மலையணில் ஆகியவற்றை எண்ணினார்கள் என்றால், பயிர் செய்வோரின் வேதனை விளங்கும். எம் காணியில் இளநீர்க் குரும்பையும் வாழைக்குலையும் குரங்குகளுக்கே காணிக்கையாகி வந்தன. சிப்பி வந்த முதல் வாரத்திலேயே அக்கூட்டம் பாதையைக் கடந்து அப்பால் சென்றது. ஆயினும் நாயை இருட்டியபின் வெளியே விடவில்லை. மலைக்காட்டில் சிறுத்தை உண்டு. நாயென்றால் அதற்கு எளிதான இரை. எனவே அன்னையாரின் விதி தளர்ந்து, சிப்பிக்கு இரவில் பின் விறாந்தையில் ஒரு சாக்கு விரிக்கப்பட்டது. அடுப்படிக்கும் அவ்விறாந்தைக்கும் இடையே ஒரு கதவுதான்.

மூன்றாவது வாரத்தில் அந்தச் சம்பவம் நிகழ்ந்தது.

அயல் வீட்டுச் சிங்களச் சிறுவன், எம் பிள்ளைகளோடு விளையாட வந்தவன், சிப்பி உண்டுகொண்டிருந்த சிரட்டையை விளையாட்டாக இழுத்தான். நாய் சீறிற்று. கணுக்காலுக்கு மேலே பல் பதிந்து இரத்தம் துளிர்த்தது. பிள்ளையின் அலறல் கேட்டு அயலார் கூடிவிட்டனர். அவன் தாயாரின் முகத்தை எம்மால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

விசர்நாய்க்கடி விளையாட்டன்று. நோய்க்குறி தோன்றியபின் அதிலிருந்து மீண்டவர் உலகிலேயே மிக அரியர். செய்ய வேண்டியது என்னவெனில், மஞ்சளோ கோப்பித்தூளோ அப்பாமல், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியரிடம் செல்வதே. எம் மனைவி அதனை அறிந்திருந்தது நற்பேறு. கழுவிய காலோடு சிறுவனை அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். சிப்பிக்கு இருமுறை தடுப்பூசி ஏற்றிய பதிவுப் புத்தகத்தை அவ்விளைஞன் கையோடு எடுத்து வந்தான். வைத்தியர் அதனைத் திகதி திகதியாக வாசித்தார். காயத்திற்கு மருந்திட்டு, நாயைக் கட்டிவைத்துப் பதினான்கு நாள் கவனிக்க வேண்டும், நடத்தையில் சிறு மாறுதல் கண்டாலும் அக்கணமே வர வேண்டும் என்றார்.

அன்றிரவு தம்பதியர் இருவரும் தம் பைகளைக் கட்டத் தொடங்கினர். “எங்களாலைதானே உங்களுக்கு இந்தக் கரைச்சல், ஐயா. நாங்கள் போறம்” என்றாள் அப்பெண். நாம் என்ன சொல்வது? அவர்கள் போய்விட்டால் அயலாரின் கோபம் தணியும் என்ற எண்ணம் எம் மனத்தில் எழாமலில்லை. அதை மறைப்பதில் பயனில்லை.

அன்னையார்தாம் குறுக்கே வந்தார். “நாயக் கொண்டுபோயிட்டா அந்தப் புள்ளைக்கு யாரு பொறுப்பு? பதினாலு நாளும் இங்கதான் கெடக்கணும், எல்லாரும் பாக்கணும்” என்றார். எமக்கு அப்போதுதான் உறைத்தது. நாய் கண்முன்னே இருப்பதுதான் சிறுவனுக்குப் பாதுகாப்பு. வெட்கத்தால் அவர்கள் புறப்பட்டிருந்தால் அப்பாதுகாப்பும் புறப்பட்டுப் போயிருக்கும்.

மறுநாட் காலை அன்னையார் வெற்றிலைக் கட்டொன்றை எடுத்துக்கொண்டு, அப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு அயல் வீட்டுக்குச் சென்றார். வெற்றிலை கொடுத்து மன்னிப்புக் கேட்பது சிங்கள மக்களிடையே மரபு. தோட்டத்திலிருந்து வந்த எம் அன்னையாருக்கு அம்மரபு நன்கு தெரியும். ஜெர்மனியில் வளர்ந்த பெண் அவரைப் பார்த்து, இரு கைகளாலும் வெற்றிலையை நீட்டித் தலை தாழ்த்தினாள். சிறுவனின் தாயார் வாங்கிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று. ஆனால் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் எம் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒவ்வொரு மாலையும் ஒரு கோடு விழுந்தது. சிப்பி உண்டதா, நீர் குடித்ததா என்று அன்னையாரே நேரில் சென்று பார்த்தார். வேலிக்கு அப்பால் நின்று சிறுவனும் பார்த்தான். ஏழாம் நாள் அவன் ஒரு பாண் துண்டை வேலிமேல் எறிந்தான். பதினான்காம் நாள் கோடு விழுந்தபோது இரு வீடுகளிலும் ஒரே நேரத்தில் பெருமூச்சு எழுந்தது.

மாசி பிறந்தது. அயல் வீட்டாரின் வயலில் அறுவடை ஆரம்பமாயிற்று. ஒருவர் வயலில் மற்றவர் வேலை செய்து, பின்னர் அவ்வேலையைத் திரும்பப் பெறும் வழக்கத்தை இப்பகுதிச் சிங்கள விவசாயிகள் ‘அத்தம்’ என்பர். அதிற் கூலியுமில்லை, இனாமுமில்லை, கைக்குக் கை. சிறுவனின் தந்தை வேலியருகே வந்து, அத்தத்திற்கு ஆள் வருமா என்று கேட்டார். தம்பதியர் இருவரும் இரண்டு நாள் அவ்வயலில் கதிர் அறுத்தனர். பதிலுக்கு அவர் எம் காணியின் சீமைக்கிளுவைக் கிளைகளையெல்லாம் வெட்டித் தந்தார். வெட்டிய தழை மிளகின் அடியிலேயே உரமாக இடப்பட்டது. பணம் கைமாறவில்லை. ஆயினும் எவரும் எவருக்கும் கடன்படவில்லை. இராஜகாரியத்திற்கும் அத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டை எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் எழுதிப்போட்டிருக்கிறோம். கண்ணால் கண்டது இப்போதுதான்.

விடைபெறும் நாள் வந்தது. பைகள் வாசலில் இருந்தன. அன்னையார் உள்ளே சென்று, எம் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஆறு வாரமும் பத்தி பிரித்து எழுதப்பட்டிருந்தது. தோட்டங்களில் காலையில் பெரட்டுக்கு வந்து, ஒரு நாள் வேலை செய்தால் ஒரு ‘பேர்’. அரை நாள் என்றால் ‘அரைப்பேர்’. அவ்வாறு பேர் போடும் புத்தகத்தைச் செக்றோல் என்பர். ஒரு வாழ்நாள் முழுவதும் வேறொருவர் எழுதிய செக்றோலில் தம் பேர் விழுந்ததா என்று பார்த்து நின்றவர், இம்முறை தாமே செக்றோல் எழுதியிருக்கிறார்! தலைக்கு முப்பத்தொரு பேர், நான்கு அரைப்பேர். மிளகு விற்ற பணத்திலிருந்து எண்ணிவைத்த உறைகள் இரண்டு.

இளைஞன் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டான். “இல்லை அம்மம்மா, சாப்பாடும் இடமும் எண்டுதானே கதை” என்றான்.

“சாப்பாடு விருந்தாளிக்குப் போட்டது. இது பேர் விழுந்ததுக்கு. ரெண்டையும் ஒண்ணாக்கப்படாது” என்றார் அன்னையார்.

அப்பெண் முன்வந்து உறைகளை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சிரித்தபடி, “அப்ப சிப்பிக்கு?” என்று கேட்டாள்.

“அதுக்கும் போட்டிருக்கேன்” என்று அன்னையார் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். குரங்கு விரட்டிய நாட்களுக்குப் பதினேழு அரைப்பேர். கட்டிக்கிடந்த பதினான்கு நாளுக்குப் பேர் இல்லை. அச்சம்பளத்தில் மாத்தளைக் கடையில் வாங்கிய புதிய தோற்பட்டி ஒன்று ஏற்கெனவே சிப்பியின் கழுத்தில் இருந்தது.

இவ்வாறு அந்நியரை இல்லத்தில் ஏற்க விரும்பும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். வேலை நேரத்தையும் ஓய்வு நாளையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். உணவுப் பழக்கத்தைக் கேட்டறியுங்கள். நாய் வருமானால், தடுப்பூசிப் புத்தகம் அதற்கு முன்னே வரட்டும். உண்ணும் நாயை அணுகலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். யார் வருகிறார்கள் என்பதை அயலாருக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். இதனை நாம் செய்யத் தவறினோம். அதன் விலையை அச்சிறுவன் தன் காலில் செலுத்தினான்.

முச்சக்கரவண்டி வளைவில் மறைந்தபின், அன்னையார் பின் விறாந்தைக்குச் சென்று சாக்கை உதறி மடித்தார். எறிந்துவிடுவார் என்று எண்ணினோம். அடுப்படிக் கதவின் பின்னால், அரிசிப் பெட்டிக்கு மேலே அதனை வைத்துவிட்டு, “அடுத்த மிளகுக்கு வருவாங்கல்ல?” என்றார்.

மலையிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நாம் ஓடிப்போய்ப் பாயைச் சுருட்டினோம்.